சோற்றுப்புள்ளிக் கோட்பாடு: மலைக்கும் ஏரிக்கும் நடுவே வட்டமடித்தல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்றொரு மலைநாடு உண்டு. 1951 முதல் தேசியப் பூங்கா. 2017 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுக் களம். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் மலை (978 மீட்டர்), ஆழமான வாஸ்ட்வாட்டர் ஏரி (79 மீட்டர்), நீளமான வின்டர்மியர் ஏரி (ஏறத்தாழ 17 கிலோமீட்டர்) மூன்றும் இதற்குள் அடக்கம். இவ்வளவு செல்வத்தையும் வைத்துக்கொண்டு அங்கே மனிதர்கள் விரும்பிச் செய்யும் காரியம் வினோதமானது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து கிளம்புகிறார்கள். ஆறேழு நாள் ஏறி, இறங்கி, நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, கிளம்பிய ஊருக்கே வந்து சேர்கிறார்கள். எந்த மலையில் எந்தப் பக்கமாக ஏறுவது, எந்த ஏரியை எங்கிருந்து பார்ப்பது என்று சொல்லும் வழிகாட்டி நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வட்டம் ஏன் அந்த வடிவத்தில் அமைகிறது, ஏன் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கி அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிறது என்னும் அடிப்படைக் கேள்வியை அவை எழுப்புவதேயில்லை. இக்கட்டுரை அதை எழுப்பி, விடையும் சொல்கிறது. பல நாள் வட்ட நடையின் வடிவத்தைத் தீர்மானிப்பவை இரவுச் சோறும் அதையடுத்த படுக்கையுமே. மலைகளும் ஏரிகளும் ஒரு சோற்றுக்கும் அடுத்த சோற்றுக்கும் இடையே கிடக்கும் வெற்றிடத்தை நிரப்ப வந்தவை.

முதலில் இலக்கணம். வட்ட நடையாவது, இரவுகளை இடையிலே கொண்டு, புறப்பட்ட இடத்திலேயே முடியும் நடை. ஒரே நாளில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பது உலாத்தல். அது இங்கே ஆராயப்படவில்லை. சோற்றுப்புள்ளியாவது, சூடான உணவும் ஒழுகாத கூரையும் ஒருங்கே கிடைக்கும் இடம். சோறு என்றது உபலக்கணம். இந்த வட்டாரத்தில் அது சுருள் சுருளாகச் சுற்றிவைத்த கம்பர்லேண்ட் சாசேஜாகவோ, ஹெர்ட்விக் ஆட்டிறைச்சியாகவோ, உருளைக்கிழங்கு வறுவலாகவோ இருக்கலாம். (சைவ உணவினர் விஷயத்தில் இந்த ஆராய்ச்சியின் முடிவுகள் இன்னும் கடுமையாகப் பொருந்தும்.) இனி, நேர்கோட்டு நடைக்கும் வட்ட நடைக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. வழிகாட்டி நூலாசிரியர் ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1973இல் வகுத்த கடற்கரை முதல் கடற்கரை வரையிலான பாதை, மேற்கே செயின்ட் பீஸில் கடலில் தொடங்கி, கிழக்கே ராபின் ஹூட்ஸ் பேயில் இன்னொரு கடலில் முடிகிறது. அதற்கு ஓர் இலக்கு உண்டு. வழியில் தங்குமிடம் எதுவானாலும் கிழக்குக் கடல் நகர்ந்துவிடாது. வட்ட நடைக்கு அப்படி ஓர் இலக்கு கிடையாது. அது சென்று சேரும் இடம், கிளம்பும்போதே கையில் இருந்த இடம். ஏறிய மீட்டரெல்லாம் இறங்கிய மீட்டருக்குச் சமம். இடப்பெயர்ச்சி மொத்தத்தில் சுழி. இத்தனை நாள் நடந்து என்ன அடைந்தாய் என்று கேட்டால் இயற்பியல் கைவிரித்துவிடும். எனவே முழு நடைக்கு இல்லாத இலக்கை ஒவ்வொரு நாளும் தனித்தனியே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் இல்லாமல் மாலையில் உண்டாகும் பொருள் ஒன்றே அத்தகைய இலக்காக முடியும். காட்சியழகு காலையிலும் இருக்கிறது, மாலையிலும் இருக்கிறது. சாப்பாடு அப்படியன்று.

நிலவியல் இக்கோட்பாட்டுக்கு அளிக்கும் ஆதரவு சாதாரணமானதன்று. லேக் டிஸ்ட்ரிக்ட் பள்ளத்தாக்குகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்திலிருந்து நாலாபுறமும் விரிகின்றன என்பதைக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1810இல் முதலில் பெயரில்லாமல் வெளியிட்ட தம் ஏரிகள் வழிகாட்டியிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். கிரேட் கேபிளுக்கும் ஸ்காஃபெலுக்கும் நடுவே ஒரு மேகத்தில் நிற்பதாக வாசகரைக் கற்பனை செய்யச் சொல்லி, அங்கிருந்து ஆரக்கால்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறார். மேகத்தில் நிற்பவருக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லாததால் அவர் இதிலிருந்து பெறவேண்டிய முடிவைப் பெறவில்லை, நாம் பெறுவோம். சக்கரத்தின் குடத்தைச் சுற்றி வருபவன் ஒவ்வோர் ஆரக்காலையும் குறுக்கே கடந்தாக வேண்டும். அதாவது, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக, நடுவிலுள்ள மலைமுகட்டில் ஏறி மறுபுறம் இறங்க வேண்டும். உழவர் வீடுகளும் விடுதிகளும் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன. முகட்டில் ஆடுகள் தவிர யாருமில்லை. ஆகவே வட்டமடிப்பவர் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறார். இந்த ஏற்றத்தை அவர் தம் இலட்சிய வேட்கை என்று நினைத்துக்கொள்கிறார். விடுதிகளை முகட்டில் கட்டியிருந்தால் இதே மனிதர் காலையில் இறங்கி மாலையில் ஏறியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

கெஸ்விக்கில் தொடங்கும் ஏழு நாள் வட்டம் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். முதலிரவு பட்டர்மியர், இரண்டாம் இரவு ஸ்கார்த் கேப், பிளாக் செயில் என்னும் இரு கணவாய்களைத் தாண்டி வாஸ்டேல் ஹெட், மூன்றாம் இரவு எஸ்க்டேல் பள்ளத்தாக்கின் பூட் கிராமம், நான்காவது, வால்னா ஸ்கார் வழியாகக் கோனிஸ்டன், ஐந்தாவது கிராஸ்மியர், ஆறாவது கிரைஸ்டேல் கணவாய் வழியாகப் பேட்டர்டேல், ஏழாம் நாள் ஸ்டிக்ஸ் கணவாயில் ஏறி இறங்கிக் கெஸ்விக். மலையழகை அளவுகோலாக வைத்து ஒருவர் இந்த வட்டத்தைப் பங்கிட்டிருந்தால் நாள்கள் ஏறக்குறைய சமமாக இருந்திருக்கும். இருக்கின்றனவா? வாஸ்டேலிலிருந்து பூட்டுக்கு, அக்காலத்தில் வாஸ்டேல் ஹெட்டில் இறந்தவர்களை அடக்கத்துக்காகத் தூக்கிச் சென்ற பழைய பிணப்பாதை ஒன்று பர்ன்மூர் சுனையோரமாகப் போகிறது. பத்துக் கிலோமீட்டருக்குள்தான், இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசி நாளோ இருபது கிலோமீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் பாறையிலும் இல்லை, பனியாறு அறுத்த பள்ளத்திலும் இல்லை. அடுப்பு எரியும் இடங்களின் இடைவெளியில் இருக்கிறது. இதைவிடக் கூர்மையான சான்று ஒன்றும் உண்டு. நாள் குறுகியிருக்கும் இடங்களில் நடையர்கள் என்ன செய்கிறார்கள்? பூட்டுக்குப் போகும் நாளில் 964 மீட்டர் உயரமுள்ள ஸ்காஃபெலைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பேட்டர்டேலுக்குப் போகும் நாளில் 950 மீட்டர் ஹெல்வெலினையும், அதன் கத்திமுனை போன்ற ஸ்ட்ரைடிங் எட்ஜையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீண்ட நாள்களில் வழியோரத்து முகடுகளை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மலையேற்றம் எங்கே நிகழ்கிறதென்றால், சோறு மிக அருகில் இருந்து, மாலை ஆறு மணிக்கு முன் போனால் சமையற்கட்டு திறந்திராது என்னும் இடத்தில். சிகரம் என்பது விடுதிக்குச் சீக்கிரம் போய்விடாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு.

காலக்கணக்கும் இதையே சொல்கிறது. வில்லியம் நெயிஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. வட்டமடிப்போர் பலரும் இந்த விதியைக் கொண்டே நாள்களைக் கணக்கிடுகிறார்கள். கணக்கிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்கும் வானம் வெளுத்திருக்கிறது. விடிவதும் நான்கரை, ஐந்துக்குள். சூரியன்தான் எல்லை என்றால் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் நடக்கலாமே? யாரும் நடப்பதில்லை. ஏனெனில் கிராமத்து மதுவிடுதிகள் பலவற்றில் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையே சமையற்கட்டை மூடிவிடுகிறார்கள். அதற்குப்பின் கிடைப்பது பொட்டலத்தில் அடைத்த உருளைக்கிழங்கு வறுவல் மட்டுமே. மறுமுனையிலோ, காலை உணவு பெரும்பாலும் எட்டு மணிக்கு முன் மேசைக்கு வருவதில்லை. முட்டையும் பன்றியிறைச்சியும் அவரையும் காளானும் அடங்கிய அந்தக் காலை உணவு அறை வாடகையில் சேர்ந்தது. பணம் கொடுத்துவிட்டதைச் சாப்பிடாமல் அதிகாலையில் மலைக்கு ஓடும் துறவு மனம் படைத்தவர்கள் குறைவு. ஆக, நடையரின் பகலுக்கு ஒரு கரையில் காலைத் தட்டு, மறுகரையில் இரவுத் தட்டு. நெயிஸ்மித்தின் விதி இந்த இரு தட்டுகளுக்கும் நடுவில் கிடக்கும் பொழுதை அளப்பதற்கான கருவி.

கோட்பாடுகளைச் சோதிக்க அறிவியலார் ஒன்று செய்வார்கள்: காரணம் என்று கருதுவதை அகற்றிவிட்டு, காரியம் நிகழ்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்காக மான்செஸ்டர் மாநகராட்சி இந்தச் சோதனையைப் பெருஞ்செலவில் செய்து கொடுத்திருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்டின் கிழக்கில் மார்டேல் என்றொரு சிற்றூர் இருந்தது. கணவாய்கள் பல வந்து இறங்கும் பள்ளத்தாக்குத் தலை அது. டன் புல் என்ற விடுதி அங்கே இருந்தது. அந்த மாநகராட்சி 1929இல் கட்டத் தொடங்கிய ஹாஸ்வாட்டர் அணை எழுந்ததும் தேவாலயம், வீடுகள், விடுதி எல்லாம் தண்ணீருக்குள் போயின. இந்தச் சோதனையின் அருமை என்னவென்றால், வேறு எதுவும் மாறவில்லை. 828 மீட்டர் உயரமுள்ள ஹை ஸ்ட்ரீட் மலை, அதன் மேல் ரோமானியர் போட்ட சாலை, ஹார்ட்டர் ஃபெல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏரி முன்னைவிடப் பெரிதாயிற்று. இங்கிலாந்தின் கடைசிப் பொன்னிறக் கழுகும் 2015 வரை அந்தப் பக்கத்தில்தான் குடியிருந்தது. மலையும் ஏரியும் அழகுமே வட்டத்தைத் தீர்மானிப்பவையாயின், வட்டங்கள் மார்டேலை நோக்கி முன்னைவிட ஆவலோடு வளைந்திருக்க வேண்டும். நம் மாதிரி வட்டம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்பதைக் கவனிக்க. பள்ளத்தாக்குத் தலையில் இப்போது இருப்பது வண்டி நிறுத்துமிடம். மாநகராட்சியும் தன் தவற்றை உணர்ந்ததென்றே கொள்ளவேண்டும். மூழ்கிய விடுதிக்கு ஈடாக 1937இல் கிழக்குக் கரையில் ஹாஸ்வாட்டர் ஹோட்டலைக் கட்டிக்கொடுத்தது. மூழ்கிய மற்றவற்றை விட்டுவிட்டுச் சோற்றுப்புள்ளிக்கு ஒரு நகர நிர்வாகம் இவ்வளவு மரியாதை செய்தது ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்குரியது.

வரலாற்றுச் சான்றுகளுள் தலையாயது கவிஞர் கோலரிட்ஜினுடையது. 1802 ஆகஸ்டு முதல் தேதி அவர் கெஸ்விக்கிலிருந்த தம் வீட்டைவிட்டுக் கிளம்பி, பட்டர்மியர், என்னர்டேல், செயின்ட் பீஸ், வாஸ்டேல், எஸ்க்டேல், கோனிஸ்டன் என்று ஒன்பது நாள் வட்டமடித்து வீடு திரும்பினார். கைத்தடிக்காக வீட்டுத் துடைப்பத்தின் கட்டைக் கழற்றி, குச்சிகளைச் சமையலறைத் தரையில் பரப்பிவிட்டுப் போனார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பையில் ஒரு சட்டை, இரண்டு ஜோடிக் காலுறை, கழுத்துத்துணி, தாளும் பேனாக்களும், ஒரு ஜெர்மன் நூல், இவற்றோடு தேயிலையும் சர்க்கரையும். உரைகாரர்கள் ஜெர்மன் நூலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தேயிலையையும் சர்க்கரையையும் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஒரு கவிஞர் மாற்றுச் சட்டையைக்கூட ஒன்றோடு நிறுத்திக்கொண்டு சர்க்கரைக்கு இடம் விட்டிருக்கிறார் என்பது சிந்திக்கத்தக்கது. ஆகஸ்டு ஐந்தாம் தேதி ஸ்காஃபெல் உச்சியிலிருந்து பிராட் ஸ்டாண்ட் என்னும் பாறைத் தட்டுகளில், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொங்கிக் குதித்து அவர் இறங்கியது பாறையேற்ற வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. பாதை தேடாமல், முதலில் தோதாகத் தெரியும் இடத்தில் இறங்கிவிடுவது தம் வழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். இதை இயற்கையோடு கலக்கும் கவியுள்ளம் என்பர் ஒரு சாரார். ஆபத்தை நாடும் மனநிலை என்பர் மற்றொரு சாரார். உச்சியிலிருந்து அடியிலுள்ள வீட்டுக்கு மிகக் குறுகிய வழி செங்குத்தானது என்பதை இரு சாராரும் கருதவில்லை. இடையில் இடிமழை பிடித்துக்கொள்ள, ஆட்டுக்கிடைக் கல்லோரம் ஒதுங்கி நின்றார். அன்றிரவு எஸ்க்டேலில் டா ஹவுஸ் என்ற பண்ணை வீட்டில் அவர் இருந்தார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இனித் தடைகள். அழகுக்காகத்தான் மக்கள் அங்கே போகிறார்கள், சோறு வீட்டிலேயே கிடைக்குமே எனின், அது உண்மை. ஆனால் இக்கோட்பாட்டைத் தொடாத உண்மை. அங்கே போகக் காரணம் எது என்பது ஒரு கேள்வி, போனபின் வட்டம் எந்த வடிவம் கொள்கிறது என்பது வேறு கேள்வி. எது ஏராளமாகக் கிடைக்கிறதோ அது வடிவத்தைத் தீர்மானிக்காது. எது அரிதோ அதுதான் தீர்மானிக்கும். வெயின்ரைட் 1955 முதல் 1966 வரை ஏழு நூல்களில் தம் கையாலேயே வரைந்து எழுதிய மலைகள் 214. அவற்றுள் ஒன்றை விட்டால் அடுத்தது. வாஸ்டேல் தலையில் ஒரு விடுதியை விட்டால் அடுத்தது மலைக்கு அப்பால். இவ்வளவு அழகில் எங்கே கோடு போட்டாலும் அழகின் மேல்தான் விழும். ஆதலால் கோடு போடுபவர் அழகைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதேயில்லை.

மழைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்வோர் இவர்களைவிட வலுவான எதிரிகள். பாரோடேலில் உள்ள சீத்வைட் கிராமத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் பெய்கிறது. இங்கிலாந்தில் மனிதர் வாழும் இடங்களில் அதிக ஈரமானது என்ற பெயர் அதற்கு. பக்கத்திலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5ஆம் தேதியை ஒட்டிய இருபத்துநான்கு மணி நேரத்தில் கொட்டியது 341.4 மில்லிமீட்டர், பிரிட்டன் முழுவதற்கும் அது சாதனை. இப்படிப்பட்ட நாட்டில் திட்டமாவது, வட்டமாவது என்று கேட்பது நியாயம். ஆயினும், மழை வந்தால் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்காஃபெல் கைவிடப்படுகிறது, பிணப்பாதை கைக்கொள்ளப்படுகிறது. ஸ்ட்ரைடிங் எட்ஜ் கைவிடப்படுகிறது. கிரைஸ்டேல் சுனையோரம் குனிந்த தலையோடு நடக்கப்படுகிறது. பூட்டில் முன்பதிவு செய்த படுக்கையோ, பேட்டர்டேலில் சொல்லிவைத்த மேசையோ கைவிடப்படுவதில்லை; முன்பணம் திரும்பி வராது என்பது இதற்கு ஒரு துணைக்காரணம். மழை மலையை அழிக்கிறது, ஏரியை மறைக்கிறது, புள்ளிகளைத் தொடுவதில்லை. மாறுவனவற்றுக்கு நடுவே மாறாமல் நிற்பது எதுவோ அதையே அடிப்படை என்று கொள்வது எல்லாத் துறைகளிலும் வழக்கம்.

அஃதேல், கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்து போகிறவர்களுக்கு விடுதி ஏது, புள்ளி ஏது எனின், அவர்கள் புள்ளியை முதுகில் சுமந்து போகிறார்கள். பன்னிரண்டு, பதினைந்து கிலோ எடையில் அது இருக்கும். இவர்கள் கோட்பாட்டிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைப்பது தோற்றப் பிழை. நிலத்துக்குரியவரின் அனுமதியின்றி லேக் டிஸ்ட்ரிக்டில் கூடாரமடிக்கச் சட்டத்தில் உரிமையில்லை. ஆனால் பள்ளத்தாக்கின் மிக உயரமான கல்வேலிக்கும் மேலே போய், மாலையில் அடித்துக் காலையில் கலைத்துவிட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்த உயரத்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாமே? தங்குவதில்லை. ஸ்டைஹெட் சுனை, ஸ்பிரிங்ளிங் சுனை, ஏங்கிள் சுனை என்று சுனையோரங்களிலேயே போய்க் குவிகிறார்கள். அந்தியில் சுனையின் அழகைக் காண என்பார்கள். அந்த நேரத்தில் அங்கே நடப்பது, நீரை மொண்டு கொதிக்கவைத்துப் பொட்டல உணவில் ஊற்றுவது. மலைநீர்நிலைகள் நம் கோட்பாட்டுக்குள் தாமாகவே வந்து நுழைவது இந்த இடத்தில்தான்.

பாப் கிரகாமை எடுத்துக்காட்டி மறுப்பவர்களும் உண்டு. 1932 ஜூன் 13ஆம் தேதி கெஸ்விக்கின் மூட் ஹாலிலிருந்து கிளம்பி, 42 சிகரங்களைத் தொட்டு, 23 மணி 39 நிமிடத்தில் அதே மூட் ஹாலுக்குத் திரும்பியவர் அவர். இரவுணவும் இல்லை, படுக்கையும் இல்லை, ஆயினும் வட்டம் உண்டு. எனவே கோட்பாடு வீழ்ந்தது என்பது இவர்கள் வாதம். ஒரே நாளில் முடிந்ததால் நம் இலக்கணப்படி இது வட்ட நடையே ஆகாது, உலாத்தல்தான் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் அது கோழைத்தனம். நேரே எதிர்கொள்வோம். சோற்றுப்புள்ளிகளை நீக்கிய அந்த வட்டத்தில் என்ன நிகழ்ந்தது? நீக்கிய உடனேயே, சாதாரண மனிதர் ஒரு வாரத்தில் ஏறாத சிகரங்கள் ஒரே நாளில் வந்து நிரம்பின. சிகரங்களைக் கட்டுக்குள் வைத்திருந்தவை எவை என்பது இதனால் விளங்கும். அன்று அவர் தின்றது ரொட்டியும் வெண்ணெயும், மிதமாக அவித்த முட்டையும், பழங்களும், மிட்டாயும் என்று பதிவாகியிருக்கிறது; கால்நூற்றாண்டுக்கு மேல் வேறு யாரும் அந்த வட்டத்தை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முடிக்கவில்லை என்பதற்கு இந்த உணவுப் பட்டியலே போதிய விளக்கம். இன்னும் ஒரு செய்தி: பாப் கிரகாமின் தொழில் என்ன? கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்துவது. உலகத்தில் சோற்றுப்புள்ளியைத் தவிர்த்து வட்டமடிக்க எண்ணிய மனிதர், சோற்றுப்புள்ளி ஒன்றின் உரிமையாளர். அவருக்கு அதில் புதுமை ஏதும் இருந்திருக்காது.

ஏரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலை மேலே ஏறிக் கடக்கக்கூடிய தடை. ஏரி சுற்றித்தான் கடக்கவேண்டிய தடை. அக்கரையில் விளக்கு எரிகிற விடுதி கண்ணுக்குத் தெரிய, நடுவே ஒரு மைல் தண்ணீர் கிடக்கும்போது ஏரியின் உண்மையான நீளம் புலப்படும். அல்ஸ்வாட்டரில் 1859 முதல் பயணிகள் படகு ஓடுகிறது. படகேறினால் வட்டம் வட்டமாகுமா, அதில் ஒரு துண்டு ஓட்டையாகிவிடுமா என்று தூயவாதிகள் சண்டையிடுவதுண்டு. சமையற்கட்டு மூடும் நேரத்துக்கும் கடைசிப் படகின் நேரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயாதவரை அந்தச் சண்டை தீராது. வாஸ்டேல் ஹெட்டின் பழைய விடுதிக்காரர் வில் ரிட்சன் அளந்த பொய்களின் நினைவாக ஆண்டுதோறும் அந்தப் பள்ளத்தாக்கில் பொய் சொல்லும் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அனுமதி இல்லை, தொழில்முறையாளர்கள் என்பதால். ஏறிய மலைகளின் உயரம் சாப்பாட்டு மேசையில்தான் கூடுகிறது என்பதற்கு இதைவிட ஆவணச் சான்று தேவையில்லை.

எஞ்சி நிற்பது திசை. இடமாகச் சுற்றுவதா, வலமாகச் சுற்றுவதா? கயிலாய மலையில் இந்தச் சிக்கல் இல்லை. இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகவும், பொன் மதத்தினர் இடமாகவும் சுற்ற வேண்டுமென்று சமயமே விதித்துவிட்டது. அங்கும் 52 கிலோமீட்டர் வட்டத்தைப் பலர் மூன்றாகப் பங்கிடும் இடங்கள் திராபுக், சுதுல்புக் என்னும் தங்குமிடங்களே. 5,600 மீட்டருக்கு மேலுள்ள டோல்மா கணவாயில் இரவு தங்கிப் புண்ணியம் சேர்க்க யாரும் விரும்புவதில்லை. லேக் டிஸ்ட்ரிக்டில் திசையை விதிக்கச் சமயம் எதுவும் இல்லாததால், திட்டமிடுவோர் காற்றைத் துணைக்கழைக்கிறார்கள். தென்மேற்குக் காற்று முதுகில் இருக்கும்படி சுற்றவேண்டும் என்கிறார்கள். மூடிய வட்டத்தில், ஒரே திசையில் வீசும் காற்று சில நாள் முதுகிலும் சில நாள் முகத்திலும் அடித்தே தீரும். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கணக்கு நேராகிவிடும். வெயிலை வைத்துத் தீர்மானிக்கலாம் என்பவர்களுக்கு மேலே கொடுத்த மழைக்கணக்கே பதில். திசையைத் தீர்மானிக்கத் தகுதியுள்ள ஆதாரம் ஒன்றே உண்டு. சில கிராமத்து விடுதிகளில் திங்கட்கிழமை சமையல் கிடையாது. நம் மாதிரி வட்டம் கெஸ்விக்கிலிருந்து மேற்கே போய்த் தெற்கே இறங்கிக் கிழக்கே ஏறுவதால் இடஞ்சுழி. அதில் மூன்றாம் இரவுக்குரிய விடுதியில் திங்களன்று அடுப்பு எரியாது என்று கொள்வோம். சனிக்கிழமை கிளம்புகிறவர் இடமாகச் சுற்றினால் திங்களிரவு அங்கே பட்டினியாக வந்து நிற்பார். அவர் வலமாகச் சுற்றவேண்டும், அப்போது அந்த விடுதி நான்காம் இரவாகிச் செவ்வாயில் விழும். வெள்ளிக்கிழமை கிளம்புகிறவருக்கு வலம் ஆகாது. நான்காம் இரவு திங்கள். அவர் இடமாகவே சுற்றக் கடவர். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவருக்கோ இரு திசையும் ஒன்றுதான். ஒன்றில் செவ்வாய், மற்றதில் புதன். அவர் விரும்பினால் காற்றையும் வெயிலையும், ஏரிகள் மாலை வெளிச்சத்தில் எந்தப் பக்கமிருந்து நன்றாகத் தெரியும் என்பதையும் கருத்தில் கொள்ளலாம்.